சேற்று மீனும் ஒரு வேற்றுமை உருபும்: தகவமைப்பு என்றால் என்ன?

சென்ற பள்ளி விடுமுறையில் அக்கா மகளைச் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போனேன். தொடக்கநிலை 6 படிக்கிறாள். நாங்கள் போன நேரம் கடல்நீர் வற்றியிருந்தது. மரப்பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் கீழே வெறும் சேறுதான். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பழகிய பிறகு, சேற்றின் ஒரு துண்டு மட்டும் நகர்வது தெரிந்தது. சேற்று நிறத்திலேயே ஒரு மீன். முன்துடுப்புகள் இரண்டையும் ஊன்றி, உடம்பை முன்னே இழுத்து, மறுபடி ஊன்றி, இரண்டு கையிலும் தடி பிடித்தவர் நடப்பதுபோல் நடந்துகொண்டிருந்தது. மலாய்க்காரர்கள் இதைத் தெம்பாக்குல் என்பார்கள். நாம் சேற்று மீன் என்று வைத்துக்கொள்வோம்.

“சித்தி, இது எங்க பாடத்துல வருது. நிலத்துல வாழுறதுக்காக இந்த மீனுக்குக் கால் மாதிரி துடுப்பு வந்துச்சு” என்றாள்.

பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறவள், எனக்காகத் தமிழில் சொன்னாள். தேர்வில் எழுதினால் அநேகமாக மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்த ‘வாழுறதுக்காக’ என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். “சரி, நிலத்துல வாழணும்னு நெனச்சது யாரு?” என்று கேட்டேன். “மீன்தான்” என்றாள் முதலில். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். “மீன் எப்படி சித்தி நெனைக்கும்? நெனச்சாலும் துடுப்பு எப்படி வரும்?”

பரிணாம உயிரியலில் தகவமைப்பு என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி கிடையாது. முதல்முறை படிக்கும் யாரும் சறுக்குகிற இடமும் இதுதான். அன்று பாலத்தில் அவளிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தகவு என்றால் பொருத்தம், தகுதி. இருக்கும் இடத்துக்கும் வாழும் முறைக்கும் தக்கபடி உடம்போ நடத்தையோ அமைந்திருப்பது தகவமைப்பு. இது மேலோட்டமான பொருள். உயிரியலாளர்கள் இதில் இன்னொரு நிபந்தனையையும் சேர்ப்பார்கள். அந்தப் பண்பு, முன்னோர்கள் பிழைத்திருக்கவோ பிள்ளை பெறவோ உதவியிருக்க வேண்டும். உதவியதால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூட்டத்தில் பரவியிருக்க வேண்டும். அதாவது, இன்று பயன்படுகிறது என்பது மட்டும் போதாது. அது எப்படி வந்து நிலைத்தது என்ற வரலாறும் சேர்ந்தால்தான் தகவமைப்பு.

இங்கேதான் நம் தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது. நான்காம் வேற்றுமை உருபான ‘கு’வோடு ‘ஆக’ சேர்ந்தால் ‘க்காக’. “பணத்துக்காக உழைத்தான்” என்றால் பணம் இன்னும் கைக்கு வரவில்லை. அது முன்னால் இருக்கும் நோக்கம். மூன்றாம் வேற்றுமை உருபு ‘ஆல்’. “மழையால் நனைந்தான்” என்றால் மழை ஏற்கெனவே பெய்துவிட்டது. அது பின்னால் இருக்கும் காரணம். “நிலத்தில் வாழ்வதற்காகத் துடுப்பு வந்தது” என்று சொல்லும்போது, வராத எதிர்காலத்தைப் பார்த்து மீன் திட்டம் போட்டதாக ஆகிவிடுகிறது. “இப்படிப்பட்ட துடுப்பு இருந்த மீன்கள் அதிகம் பிழைத்ததால் அந்தத் துடுப்பு நிலைத்தது” என்றால் கதை சரியான பக்கம் திரும்பிவிடுகிறது. ‘க்காக’ வரும் இடத்திலெல்லாம் ‘ஆல்’ போட்டு வாக்கியத்தை மாற்றி எழுத முடிகிறதா என்று பார்ப்பது நல்ல பயிற்சி. எனக்கு இது பல வருடம் உதவியிருக்கிறது.

இனி அந்த ‘ஆல்’ எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அதற்குச் சதுப்புநிலம் வரை போக வேண்டியதில்லை. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் பேட்டைக்கு வந்தால் போதும்.

டெங்கி பரவும் காலத்தில் புளோக்கைச் சுற்றிப் புகையடிப்பதைப் பார்க்காத சிங்கப்பூர்வாசி இருக்க முடியாது. வாசல் சன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்தப் புகையில் இருப்பது பெரும்பாலும் பைரித்திராய்டு என்ற வகைப் பூச்சிமருந்து. ஏடிஸ் கொசுவின் நரம்பணுக்களில் சோடியம் உள்ளே வரும் நுண்ணிய வாசல்கள் உண்டு. மருந்து அந்த வாசலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடிக்கும், கொசு விழுந்து சாகும். ஆனால் எல்லாக் கொசுவும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். ஏட்டைப் படியெடுப்பவர் எங்கோ ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிடுவாரே, அதுபோல. அந்தச் சிறு மாற்றத்தால் வாசலின் வடிவம் சற்று வேறாக அமைந்துவிடும். மருந்தால் சரியாகப் பிடிக்க முடியாது. புகையடித்த பிறகு சாகாமல் மிஞ்சுவதில் இப்படிப்பட்ட கொசுக்களே அதிகம். அவை முட்டையிடும், அந்த எழுத்து பிள்ளைகளுக்கும் போகும். அடுத்த தலைமுறையில் அவற்றின் பங்கு கூடும். மறுபடி புகை, மறுபடி அதே கதை. சிங்கப்பூரில் பிடித்துச் சோதிக்கப்பட்ட ஏடிஸ் கொசுக்களிலும் இந்த மருந்தெதிர்ப்பு கண்டறியப்பட்டிருக்கிறது.

இதில் எந்தக் கொசுவும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. எந்தக் கொசுவும் தன்னை மாற்றிக்கொள்ளவும் இல்லை. மருந்துக்கு விழும் கொசு விழும். விழாத கொசு விழாது. மாறியது கூட்டத்தின் கலவைதான்: யார் எத்தனை பங்கு என்ற கணக்கு. இதற்குத் தேவைப்பட்டவை மூன்றே. கொசுக்களுக்குள் வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போனது. அதைப் பொறுத்துப் பிழைப்பதிலும் பெருகுவதிலும் ஏற்றத்தாழ்வு வந்தது. இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் அப்புறம் நடப்பதை யாரும் நடத்த வேண்டியதில்லை, தானாகவே நடக்கும். இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு. அதன் விளைவுதான் தகவமைப்பு.

“சரி, அந்த எழுத்துமாற்றம் மருந்தைப் பார்த்துத்தானே வந்தது?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1943இல் லூரியா, டெல்புருக் என்ற இருவர் பாக்டீரியாவை வைத்து இதைச் சோதித்தார்கள். பல குழாய்களில் தனித்தனியாகப் பாக்டீரியாவை வளர்த்து, பிறகு அவற்றின் மேல் அவற்றைக் கொல்லும் வைரஸை விட்டார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்பு உண்டாகிறது என்றால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் பாக்டீரியா தப்பியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பல குழாய்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒருசிலவற்றில் ஏராளமாக மிஞ்சின. அதாவது, வைரஸ் வருவதற்கு முன்பே, எந்தக் குழாயில் தற்செயலாக அந்த மாற்றம் சீக்கிரம் நிகழ்ந்ததோ அங்கே அதன் வாரிசுகள் பெருகியிருந்தன. மாற்றம் முதலில், தேவை பிறகு. தேவையை அறிந்து மாற்றம் வருவதில்லை.

கொசுவை விட்டுப் போவதற்கு முன் இன்னொன்று. நடைபாதைப் பூந்தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள் என்று தேசியச் சுற்றுப்புற அமைப்பு திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஏன் தெரியுமா? ஏடிஸின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டில் மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிட்டவை. பொந்தில் மழைக்கு நீர் நிறையும், வெயிலுக்கு வற்றும். அங்கே, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச்சுவரில் முட்டையை ஒட்டும் பழக்கமும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாத முட்டையும் பிழைத்தன. மறுபடி நீர் ஏறி முட்டையைத் தொட்டதும் புழு வெளிவரும். தோ பாயோ வீட்டுப் பூந்தொட்டித் தட்டு அந்தக் கொசுவுக்கு ஒரு மரப்பொந்து. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவவும் சொல்கிறார்களே, அது ஒட்டியிருக்கும் முட்டையை எடுக்கத்தான். அந்த வீட்டுக்குறிப்புக்குள் ஒரு பரிணாமக் கதை இருக்கிறது.

இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த இருவரில் ஒருவர் நம் ஊருக்கு வந்து தங்கி வேலை செய்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரிவதில்லை. ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ் 1854இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார். புக்கிட் தீமாவில் ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டுத்துண்டில், சுமார் இரண்டே மாதத்தில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். ஒரு மலைச்சரிவில் 700 வகை! நான்கு ஆண்டு கழித்து, கிழக்கே மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருக்கு அந்தக் கருத்து உதித்தது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் அதே கருத்தை இருபது ஆண்டாகக் கையில் வைத்துக்கொண்டு வெளியிடாமல் இருந்தார். 1858 ஜூலை 1ஆம் தேதி இருவர் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில் வாலஸ் பெயரில் ஒரு நடைபாதை உண்டு. நடந்து பாருங்கள்.

அடுத்து, பழகிப்போவதற்கும் தகவமைப்புக்கும் உள்ள வித்தியாசம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் இந்தப் புழுக்கத்தில் தவித்துப் போவார்கள். இரண்டாம் மாதம் “பழகிடுச்சு” என்பார்கள். தேசிய சேவைக்குப் போகும் பையன்களையும் முதல் சில நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயிலில் பழக்குவார்கள். இது ஒரே ஆளின் வாழ்நாளுக்குள் நடப்பது. விட்டால் மறைந்துவிடும், பிள்ளைக்கும் போகாது. என் தோழி ஒருத்தி எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்துவிட்டு வந்தாள். அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு. உடம்பு ஈடுகட்ட அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்கியது. திரும்பி வந்த சில வாரங்களில் எல்லாம் பழைய நிலை. ஆனால் திபெத்தியர்கள் அந்த உயரத்திலேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெறுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் இபாஸ்1 என்ற மரபணுவின் ஒரு வகை இருக்கிறது. அது சிவப்பணுக்களை அளவுக்கு மேல் பெருகவிடாமல் வைக்கிறது. இரத்தம் கெட்டிப்பட்டால் இதயத்துக்குப் பாரம், கருவுற்ற தாய்க்கும் ஆபத்து. அந்த வகை இருந்தவர்களின் பிள்ளைகள் அதிகம் பிழைத்ததால் அது பரவியது. தோழிக்கு நடந்தது பழக்கம். திபெத்தியர்களிடம் இருப்பது தகவமைப்பு. (தேவைக்கேற்பச் சிவப்பணுவைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திறனே நம் எல்லோருக்கும் கிடைத்த ஒரு பழைய தகவமைப்பு என்பது வேறு விஷயம்.)

தகவமைப்பு நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்றால், முடியும். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவில் நடந்தது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற தம்பதியர் 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் என்ற சிட்டுப் போன்ற பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பறவையும் யார் பிள்ளை என்பதுவரை குறிப்பு வைத்திருந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன, மெல்லிய விதைகள் தின்று தீர்ந்துவிட்டன. மிஞ்சியது நெருஞ்சில் இனச் செடி ஒன்றின் முள்காய். தமிழ்நாட்டு வரப்பில் காலில் குத்துமே, அதன் உறவுதான். அந்தக் கெட்டிக் காயை உடைக்க ஆழமான, தடித்த அலகு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட வாழ்வா சாவா என்றானது. பறவைகளில் பெரும்பாலானவை மாண்டன. பிழைத்தவற்றின் சராசரி அலகு முன்பைவிடத் தடிமன். அலகின் அளவு பெற்றோரிடமிருந்து வருவதால் அடுத்து பிறந்த குஞ்சுகளின் அலகும் தடித்திருந்தது. ஒரே வறட்சியில், அளவுகோல் வைத்துப் பார்க்கும் அளவுக்கு மாற்றம்.

அதோடு கதை முடியவில்லை. 1982-83இல் பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோ நிகழ்வால் அங்கே அடைமழை. சின்ன விதைச் செடிகள் தீவெங்கும் மண்டின. இப்போது சின்ன அலகுக்காரர்களுக்கு யோகம். தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. தடித்த அலகு ‘உயர்ந்தது’, சின்ன அலகு ‘தாழ்ந்தது’ என்று எதுவும் இல்லை. அந்த வருடம் அந்தத் தீவில் என்ன விதை கிடந்தது என்பதே கேள்வி. பரிணாமம் என்றதும் ஏணிப்படியில் மேலே ஏறும் படம் ஒன்று நம் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மறுபடி சுங்கை பூலோவுக்கு வருகிறேன். அங்கே மரங்களுக்கு இரண்டு பெரிய தொல்லைகள்: உப்புத்தண்ணீர், காற்று புகாத சேறு. தொல்லைகள் எல்லா மரத்துக்கும் அவையேதான், ஆனால் தீர்வு மரத்துக்கு மரம் வேறு. வெண்கண்டல் இனம் உப்பை உள்ளே விட்டு, இலையில் இருக்கும் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும். வெயில் காயும் நாளில் இலையில் உப்புப் பொடி மின்னுவதைப் பார்க்கலாம். பிச்சாவரத்தில் படகு போனவர்களுக்குத் தெரிந்த சுரபுன்னை இனமோ வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டிவிடும். மூச்சுக்கு, வெண்கண்டல் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல் வேர்களை மேலே அனுப்பும். சுரபுன்னையோ தண்டிலிருந்தே முட்டுக்கால் வேர்களை இறக்கி நிற்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல நீளமாய்த் தொங்கும். விழும்போது அது விதை அல்ல, நாற்று. அலை அடித்துக்கொண்டு போகும் இடத்தில் இந்த அவசரம் பலன் தந்தது. சிதம்பரத்தின் தலமரமான தில்லையும் இந்தக் கூட்டத்தில் நிற்கிறது. கோயில் மரமாக மட்டும் அதைக் கேள்விப்பட்டிருந்த எனக்கு, நம் சிங்கப்பூர்ச் சேற்றில் அதை முதலில் பார்த்த நாள் மறக்காது. கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கக்கூடிய அதன் பால்தான் இலை தின்ன வரும் உயிர்களிடமிருந்து அதற்குக் காவல்.

புக்கிட் தீமா பக்கம் போனால் இதே பாடம் காற்றில் நடக்கிறது. உயரமான மரங்கள் உள்ள நம் காடுகளில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் உயிர்கள் பல. கொலூகோ என்ற பாலூட்டி கழுத்திலிருந்து வால் நுனி வரை தோலை விரித்து 100 மீட்டருக்கு மேலும் சறுக்கும். பறக்கும் ஓணானுக்கு விலா எலும்புகள் நீண்டு, அவற்றின்மேல் தோல் விசிறிபோல் விரியும். பறக்கும் பாம்பு ஒன்றும் இருக்கிறது. அது விலாவைப் பரப்பி உடம்பைத் தட்டையாக்கிக் காற்றில் நெளிந்துகொண்டே போகும். பாலூட்டி, ஓணான், பாம்பு: மூன்றுக்கும் பொது முன்னோரைத் தேடினால் சறுக்காத, மிகப் பழைய ஒரு விலங்கில்தான் போய் நிற்போம். ஆக, மூன்றும் தனித்தனியே இந்த வழிக்கு வந்தவை. ஒரே வேலைக்கு மூன்று வேறு பொருளால் செய்த மூன்று சிறகுகள். தொடர்பில்லாத உயிர்கள் ஒரே மாதிரிச் சூழலில் ஒரே மாதிரி அமைவதைப் பார்க்கும்போது, அது வெறும் தற்செயல் அல்ல, தகவமைப்பு என்று உயிரியலாளர்கள் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அப்படியானால் எல்லாமே கச்சிதமா? இல்லை. கையில் இருக்கும் பொருளை வைத்துத்தான் ஒட்டுப்போட முடியும். சேற்று மீனையே பாருங்கள். அதற்கு நம்மைப்போல நுரையீரல் இல்லை. செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டும், ஈரத்தோல் வழியாகவும், வாயின் உட்புறம் வழியாகவும் மூச்சுவிடுகிறது. தோல் காய்ந்தால் ஆபத்து என்பதால் அடிக்கடி சேற்றில் புரள வேண்டும். தலைக்கு மேல் துருத்திய கண்களை உள்ளே இழுத்து நனைத்துக்கொள்ள வேண்டும். வளைக்குள் முட்டை இருக்கும் அறையில் ஆக்சிஜன் போதாது என்பதால் வாய் வாயாகக் காற்றைக் கொண்டுபோய் அங்கே விடுகிறது. புதிதாக வரைந்து செய்திருந்தால் யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். மீனாக இருந்த ஒன்று, மீனாகவே இருந்துகொண்டு, சேற்றில் பிழைத்த கதை இது.

இன்னொரு எச்சரிக்கை. எதைப் பார்த்தாலும் “இது எதற்குத் தகவமைப்பு?” என்று கேட்கத் தோன்றும். எல்லாப் பண்பும் தகவமைப்பு அல்ல. இரத்தம் சிவப்பாக இருப்பது எதற்கும் உதவியதால் வந்ததல்ல. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. அந்த மூலக்கூறின் நிறம் சிவப்பு. சுமப்பதுதான் தகவமைப்பு, சிவப்பு கூடவே வந்தது. 1979இல் கூல்ட், லெவோண்டின் என்ற இருவர், கையில் ஆதாரமில்லாமல் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பயன்கதை கட்டும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்கள். அவர்கள் பக்கம்தான் நான். கேட்க அழகாக இருக்கும் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கிராண்ட் தம்பதியர்போல் அளந்து காட்ட வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்குள் இருக்கும் ஒன்று. தம்பிக்கு மகன் பிறந்தபோது, தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்துவிட்டு, பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு என்றார்கள். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1965 முதல் இந்தச் சோதனை நடக்கிறது. அம்மா பயந்துபோனார். தாதி பொறுமையாக விளக்கினார்: சில மருந்துகள் கூடாது, சில மூலிகைகள் கூடாது, முக்கியமாகப் பாச்சை உருண்டை வீட்டில் வேண்டாம். அன்று சாயங்காலமே அம்மா தன் பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்து, எத்தனையோ வருடமாய் மடிப்புகளுக்குள் கிடந்த வெள்ளை உருண்டைகளையெல்லாம் பொறுக்கி வெளியே போட்டு, புடவைகளை ஒவ்வொன்றாக அலசினார்.

ஜி6பிடி என்பது சிவப்பணுக்களைச் சில வகை வேதித் தாக்குதலிலிருந்து காக்கும் ஒரு நொதி. அது குறைந்தவர்கள் சாதாரணமாக நலமாகவே இருப்பார்கள். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் போன்றவை உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையும். பச்சைக்குழந்தைக்கு மஞ்சள்காமாலை கடுமையாகும். இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது ஒன்றுதான் என்பதால் ஆண்பிள்ளைகளிடம் அதிகம் காண்கிறோம். இப்படி ஒரு குறை ஏன் களையப்படாமல் கோடிக்கணக்கான மனிதரிடம் நிலைத்திருக்கிறது? உலகப்படத்தில் இது அதிகமாய் இருக்கும் இடங்களைக் குறித்து, பக்கத்தில் மலேரியா பரவியிருந்த இடங்களை வைத்தால் விடை தெரியும். இரண்டு படமும் ஏறக்குறைய ஒன்று. இந்த நொதி குறைந்த சிவப்பணுவில் மலேரியா ஒட்டுண்ணி சரியாகப் பெருக முடிவதில்லை. மலேரியா கொன்றுகொண்டிருந்த ஊர்களில் இந்தக் குறை ஓரளவு கவசமாக இருந்ததால் தங்கிவிட்டது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகையின் கதையும் இதே ரகம்.

1982இல் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. எதிரி போய்விட்டான், கவசம் மட்டும் மிஞ்சி, இப்போது அதன் கனம்தான் தெரிகிறது. தகவமைப்பு எப்போதும் முன்னோர் வாழ்ந்த உலகத்துக்குப் பொருந்துவது; நாம் வாழும் உலகத்துக்கும் பொருந்தினால் அது அதிர்ஷ்டம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பொரிக்கும் ஆமைக்குஞ்சுகளுக்கும் இதே நிலைமைதான். இரவில் வெளிச்சமான பக்கம் நகர்ந்தால் கடல் என்பது அவற்றின் பழைய கணக்கு. இன்று வெளிச்சம் சாலைப் பக்கம் இருக்கிறது.

தம்பி மகனுக்கு இப்போது நான்கு வயது. நன்றாக ஓடி விளையாடுகிறான். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நம்ம பாட்டியோட பாட்டிக்குப் பாட்டி ஊர்ல மலேரியா இருந்துச்சா?” என்று கேட்டாள். பெரும்பாலும் இருந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் தன் கையில் ஓடும் நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுங்கை பூலோவுக்குப் போக நினைப்பவர்கள் கிளம்புமுன் ஓத நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் ஏறியிருந்தால் சேற்று மீனும் தெரியாது, பென்சில் வேரும் தெரியாது. நீர் நன்றாக வற்றியிருக்கும் நேரத்தில் போய், பாலத்தில் அசையாமல் நில்லுங்கள். காலடி அதிர்ந்தால் எல்லாம் வளைக்குள் போய்விடும். பத்து நிமிடம் பொறுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும்.